முத்திரைக்கு முன் ஒரு சாட்சியம்



ஒரகடத்தில் இரவுப் பணி முடிந்து எங்களில் ஒருவர் வீடு திரும்பிய காலையில், உறங்கக்கூட நேரமின்றி ஸ்ரீபெரும்புதூருக்குப் புறப்பட்டோம். திருமணமாகி 11 ஆண்டுகள். தத்தெடுப்பதற்காக மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருந்தோம். எஞ்சியிருந்தது மருத்துவச் சான்றிதழும் நோட்டரியின் முத்திரையும்.

நாள்பட்ட நோயோ, தொற்றுநோயோ, உயிர்க்கொல்லி நோயோ இல்லை என்றும், குழந்தையை வளர்க்கத் தகுதியுடையோம் என்றும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். எங்களில் ஒருவருக்கு ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். "கட்டுக்குள் இருக்கிறதே, எழுதாமல் விட்டுவிடலாம்" என்றார் மருத்துவர். அவர் இரக்கத்தால்தான் சொன்னார். நாங்களும் தடுமாறினோம். ஒரு வரியால் குழந்தை கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சம் இரண்டு நாள் எங்களை வாட்டியது.

உங்களுக்கே எதிரானதாயினும் உண்மைக்குச் சாட்சி சொல்லுங்கள் என்ற கருத்தில் அல்லாஹ் சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். அதை ஓதிய பின் மீண்டும் மருத்துவரிடம் சென்றோம். நோயின் பெயர், உட்கொள்ளும் மாத்திரை, வளர்க்கத் தகுதி உண்டு என்ற அவரது கருத்து, மூன்றையும் எழுதி வாங்கினோம்.

நீதிமன்றத்துக்கு வெளியே மேசையிட்டு அமர்ந்திருந்த நோட்டரி எங்கள் பெயர்களைப் பார்த்துவிட்டு, "உங்கள் மார்க்கத்தில் தத்து கிடையாதே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முன்பு முஸ்லிம்களுக்கு 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி காப்பாளராகும் வழியே இருந்தது. 2014 பிப்ரவரி 19 அன்று ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம், விரும்பாதவர் தம் தனிச்சட்டத்தையே பின்பற்றலாம் என்று தீர்ப்பளித்தது.

மார்க்கம் தடுப்பது அனாதையை அரவணைப்பதை அன்று, வம்சத்தை மறைப்பதையே. நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைத் (ரலி) அவர்களை மக்கள் முஹம்மதின் மகன் என்றழைத்தனர். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்குமாறு வசனம் இறங்கியபின் அவர் ஹாரிஸாவின் மகன் ஸைத் என்றே அழைக்கப்பட்டார். நபியவர்களின் அன்பு அதனால் குறையவில்லை. ஆகவே எங்கள் வீட்டுக்கு வரும் குழந்தையிடம் அதன் பிறப்பை ஒருநாளும் மறைப்பதில்லை என்றும், வாரிசுரிமைக்கு மாற்றாக மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் மரண சாசனம் எழுதுவதென்றும் முடிவெடுத்துள்ளோம்.

நோட்டரி எங்கள் அடையாள அட்டைகளைச் சரிபார்த்து, தம் முன்னிலையில் கையொப்பமிடச் செய்து, பதிவேட்டில் எழுதி முத்திரையிட்டார். "நீங்கள்தான் கையொப்பமிட்டீர்கள் என்பதற்கே நான் சாட்சி. எழுதியிருப்பது உண்மையா என்பது உங்கள் பொறுப்பு" என்றார். அந்தச் சொல் எங்களை உலுக்கியது. அந்தப் பொறுப்புக்குரிய சாட்சி வேறொருவன் அல்லவா!

அதன்பின் வீட்டாய்வுக்கு வந்த சமூகப் பணியாளர் சர்க்கரை நோயைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்டார். மறைக்க ஏதுமில்லாததால் எளிதாகப் பதிலளித்தோம். இப்போது காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறோம். எப்போது அழைப்பு வரும் என்று அல்லாஹ்வே அறிவான். வரும் குழந்தையைப் பற்றிய முதல் ஆவணத்திலேயே பொய் இல்லை என்ற நிம்மதி, அல்ஹம்துலில்லாஹ், இந்தக் காத்திருப்பை இலகுவாக்குகிறது. எங்களுக்காக துஆ செய்யுங்கள்.