டிசம்பர் மாதத்துக் குரோஷா ஊசி

டிசம்பர் பிறந்தால் ரங்கத் கடைத்தெருவில் காகித நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் நூல் உருண்டைகளும் தொங்குகின்றன. சிவப்பு, வெள்ளை, கரும்பச்சை; உல்லன் என்று கேட்டு வாங்கினாலும் பெரும்பாலும் அக்ரிலிக்தான். சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஏறத்தாழ மூன்று நாள் கப்பலில் வந்து, பிறகு அந்தமான் ட்ரங்க் ரோட்டில் ஜாரவா பழங்குடியினரின் வனத்தைக் கான்வாயில் கடந்து, சுமார் 170 கிலோமீட்டர் ஓடி இங்கே சேரும் சரக்கு அது. நடு அந்தமானில் ஸ்வெட்டர் கேட்கும் குளிர் கிடையாது. வடகிழக்குப் பருவமழையின் மிச்சமும் கடலோரப் புழுக்கமும்தான் இங்கே டிசம்பர். ஆனாலும் வீட்டு வராந்தாக்களில் குழந்தைத் தொப்பியும் காலுறையும் மேசை விரிப்பும் குடிலுக்கான சிறு நட்சத்திரங்களும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி இந்த யூனியன் பிரதேசத்தில் கிறிஸ்தவர்கள் 21 சதவீதத்துக்குச் சற்று மேல். காடு வெட்ட 1918 முதல் அழைத்துவரப்பட்ட ராஞ்சிக்காரர்களின் வழித்தோன்றல்கள், தமிழ்க் குடும்பங்கள், வடக்கே மாயாபந்தர் பக்கம் 1925இல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்கள் என்று பலருக்கும் கிறிஸ்துமஸ் பெருநாள். கொடுப்பதற்காகப் பின்னுகிறார்கள். அந்தப் பின்னலை வேலை என்று யாரும் சொல்வதில்லை. பின்னுகிற பெண்களும் சொல்வதில்லை. அது வேலைதான் என்பதே நான் இங்கே வாதிடப்போவது.

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்க்கவேண்டும். பழகிய கைக்கு ஒரு குழந்தைத் தொப்பி ஒரு மாலைப்பொழுதில் முடியும். சின்ன ஸ்வெட்டர் என்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது பிடிக்கும். கட்டில் விரிப்பு மாதக்கணக்கில் இழுக்கும். ஆனால் இந்த மணிகள் ஒருபோதும் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை. உலை கொதிக்கும் வரை இரண்டு வரிசை, பிள்ளை தூங்கும் நேரத்தில் ஐந்து வரிசை, தண்ணீர் வந்ததும் ஊசியைச் செருகிவிட்டு எழுந்திருப்பது. ரங்கத்தில் இரட்டை ஊசிப் பின்னலைவிட ஒற்றைக் கொக்கியுள்ள குரோஷாவையே அதிகம் பார்க்கிறோம் என்றால் அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. இரட்டை ஊசியில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே உயிரோடு நிற்கும். குழந்தை இழுத்தால் அத்தனையும் நழுவிவிடும். குரோஷாவில் எந்த நேரமும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. அதைச் சற்றுப் பெரிதாக இழுத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். மானிடவியலாளர் ஜூடித் பிரவுன் 1970இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், உலகெங்கும் எந்த வேலைகள் பெண்களிடம் சேர்ந்தன என்று கேட்டார். நடுவில் நிறுத்தி மறுபடி தொடரக்கூடியவை, குழந்தைக்கு ஆபத்தில்லாதவை, வீட்டை விட்டுத் தொலைவு போகத் தேவையில்லாதவை என்பது அவர் கண்ட விடை. எலிசபெத் வேலண்ட் பார்பர் பெண்களின் நெசவு வரலாற்றைப் பற்றி 1994இல் எழுதிய நூலில் இதே விடையை இருபதாயிரம் ஆண்டுகளுக்கு நீட்டிக் காட்டினார். நிறுத்தி நிறுத்திச் செய்ய முடிவதால்தான் இந்த வேலை பெண்களுக்கு வந்தது. நிறுத்தி நிறுத்திச் செய்வதாலேயே அது வேலையாகத் தெரியாமலும் போனது. 'சும்மா இருக்கிறப்ப போடுறதுதான்' என்று பின்னுகிறவரே சொல்லிவிடுகிறார்.

அப்படிச் சும்மா இருக்கும் நேரம் உண்மையில் எவ்வளவு? 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். (அந்தமான் நிக்கோபாரில் போய்ச் சேரக் கடினமான கிராமங்களை அந்த ஆய்வு விட்டுவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.) ஐந்து மணி நேர வீட்டு வேலைக்கு நடுவே பின்னலுக்குப் பிறக்கும் நேரம் பெரும்பாலும் தூக்கத்திலிருந்தோ உட்கார்ந்து சாப்பிடும் நேரத்திலிருந்தோ எடுக்கப்பட்டது. நம் புள்ளியியல் துறை இதை அறியாமலும் இல்லை. வேலைவாய்ப்பு ஆய்வுகளில் 93 என்று ஒரு குறியீட்டு எண் இருக்கிறது. வீட்டுப் பணிகளோடு விறகும் கீரையும் சேகரிப்பவர்கள், வீட்டுத் தேவைக்காகத் தைப்பவர்கள், நெய்பவர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள். அந்த எண்ணைப் பெற்றவர் உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். ஐ.நா.வின் 1993ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கு முறையோ, வீட்டுக்காகவே நெய்யும் துணியையும் தைக்கும் உடையையும் உற்பத்தி என்றே ஏற்கிறது. 2013இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடு, சொந்தப் பயனுக்கான உற்பத்தியும் உழைப்பின் ஒரு வடிவமே என்று தீர்மானித்தது. தொப்பியை உற்பத்தி என்று ஒப்புக்கொண்டபின் அதைச் செய்த கையை மட்டும் வெளியே நிறுத்துவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இதே ஊரின் கரையில் இன்னொரு பின்னல் நடக்கிறது. மீன்பிடிக்கும் ஆண்கள் கிழிந்த வலையை மடியில் போட்டு, ஊசியில் நைலான் நூல் கோத்து, கண்ணி கண்ணியாகக் கட்டுகிறார்கள். கை அசைவும் பொறுமையும் அளவு பிசகாத கணக்கும் வராந்தாவில் நடப்பவையேதான். பேச்சும் சிரிப்பும்கூட இரண்டிலும் உண்டு. ஆனால் வலை சரிசெய்யும் நாளைத் தொழில் நடந்த நாளாகவே எல்லோரும் எண்ணுகிறார்கள். வலை வருமானத்துக்கானது, தொப்பி அன்புக்கானது என்று வேறுபாடு சொல்லலாம். நான் அதை மறுக்கவில்லை. வருமானம் என்பது ஒரு வேலையின் பலன் எங்கே போகிறது என்பதைச் சொல்லும். அதில் எவ்வளவு உழைப்பு இறங்கியது என்பதை அதைக் கொண்டு அளக்க முடியாது.

மிகக் கனமான ஆட்சேபம் இதற்கு அடுத்து வருகிறது. அன்பாகக் கொடுப்பதற்கு மணிக்கணக்குப் பார்த்தால் அது பரிசாகவே இருக்காது என்கிறார்கள். இதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் கொடுப்பவரின் பெருமையும் இதற்குள் இருக்கிறது. ஆனால் கணக்கு என்றதும் கூலி என்று நாம் ஏன் நினைக்கவேண்டும்? மிக்காயெலா டி லியோனார்டோ 1987இல் வடகலிபோர்னியாவின் இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி எழுதியபோது, பண்டிகை அட்டை அனுப்புவதையும் பரிசு தேர்வதையும் விருந்துக்கு ஆள் சேர்ப்பதையும் உறவு உழைப்பு என்ற வகையில் வைத்தார். அதைச் செய்யப் பெண் இல்லாத வீட்டில் உறவுகளே தளர்ந்துபோவதை அவர் கண்டார். கடல் நடுவே இருக்கும் ரங்கத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். திருநெல்வேலியிலோ ராஞ்சியிலோ இருக்கும் பெரியம்மாவுக்கு, அவள் பார்த்தேயிராத பேரப்பிள்ளையின் வீட்டிலிருந்து ஒரு மேசை விரிப்பு போகிறது என்றால், இரண்டு குடும்பங்களுக்கு நடுவிலுள்ள கடலை அந்த ஆண்டுக்கு ஒருவர் கடந்துவிட்டார் என்று பொருள். அன்பு இருப்பதால் உழைப்பு இல்லாமல் போய்விடாது. அன்பை அந்த விரிப்பாக ஆக்கியதே உழைப்பு. அந்த மணிகளை வீடு அறிந்திருந்தால் பரிசின் மதிப்பு கூடத்தான் செய்யும்.

பின்னுவது மனதுக்கு ஓய்வு என்ற வாதமும் உண்டு. பல பெண்கள் அப்படிச் சொல்வது உண்மை. விரல் அசைவின் சீரான தாளம் மனதை அமைதியாக்குகிறது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஓய்வுக்குக் கெடு தேதி கிடையாது. டிசம்பர் 24 இரவு ஆராதனைக்கு முன் முடிந்தாகவேண்டிய மூன்று தொப்பிகளுக்குக் கெடு உண்டு. அதே வாரத்தில் முறுக்கு சுடவேண்டும், வீட்டுக்கு வெள்ளையடிக்கவேண்டும், கேரல் பாடி வருகிறவர்களுக்குத் தேநீர் போடவேண்டும். இருபதாவது வரிசையில் ஒரு கண்ணி தவறியது தெரிந்தால் பிரித்து மறுபடி போடவேண்டும். எது முடியவில்லை என்றாலும் கேள்வி ஒருவரிடம்தான் வரும்.

அப்படியானால் விற்றுவிடலாமே, விலை கிடைத்தால் மதிப்பும் வந்துவிடுமே என்று யோசனை சொல்பவர்கள் நம் சொந்த வரலாற்றில் இரண்டு ஊர்களைப் பார்க்கவேண்டும். 1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தபின் அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். நாகர்கோவில் லேஸ் 1851இல் லண்டன் பெருங்கண்காட்சி வரை சென்றது. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். மெல்லிய நூலுக்கு அவ்வளவு வலு இருந்திருக்கிறது. இரண்டாவது ஊர் ஆந்திரத்து நரசாபுரம். மிஷனரிகள் வழியாகவே வந்த குரோஷா லேஸ் அங்கே பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியும் அவர்களின் அன்றாடச் சம்பாத்தியம் ஒரு ரூபாயைக்கூட எட்டவில்லை என்று காட்டினார். காரணத்தையும் அவரே கண்டார். வீட்டில் இருக்கும் இல்லத்தரசிகள் பொழுதுபோக்காகச் செய்வது என்று வியாபாரிகள் சொன்னார்கள், குடும்பங்கள் கூறின, பெண்களும் நம்பினார்கள். அதனால் எந்தக் கூலியும் போதுமானதாகத் தோன்றியது. விற்பனை இரண்டு ஊரிலும் இருந்தது. பின்னியவள் உழைப்பாளி என்று ஒப்புக்கொள்ளப்பட்டாளா என்பதில்தான் வித்தியாசம். வராந்தாவில் இன்று சும்மா என்று சொல்லிப் பழகிய கை, நாளை சுயஉதவிக் குழு வழியாகச் சுற்றுலாப் பயணிக்கு விற்க வரும்போது நூலின் விலையை மட்டும் கேட்டுவிட்டு நிற்கும்.

ஆகவே என் கோரிக்கைகள் சில்லறையானவை. கடையில் தயாராய்த் தொங்கும் தொப்பி மலிவு என்று வீட்டில் பேச்சு வந்தால், பின்னிய தொப்பியின் மணிகளையும் சேர்த்துப் பேசவேண்டும். பரிசு பின்னும் வாரங்களில் மாலைச் சமையலையும் தண்ணீர் பிடிப்பதையும் வேறு கைகள் எடுத்துக்கொள்ளவேண்டும்; வலை ஊசி பிடிக்கத் தெரிந்தவருக்குக் குரோஷா ஊசி பிடிபட அதிக நாள் ஆகாது, பையன்களுக்கும் கற்றுக்கொடுக்கலாம். குழுக்கள் ஒரு பொருளுக்கு விலை எழுதும்போது நூல் விலைக்குப் பக்கத்தில் மணிக்கணக்குக்கு ஒரு கட்டம் போடவேண்டும். அரசு அளவில், வீட்டிலிருந்து வேலை செய்வோர் பற்றிய 1996ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதிசெய்யவேண்டும். 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வீட்டிலிருந்து உழைப்பவர் என்று ஒரு வகையை ஏற்றிருக்கிறது, ஆனால் வேலை கொடுப்பவர் ஒருவருக்காக ஊதியம் பெற்றுச் செய்தால்தான் அதற்குள் வரமுடியும். பேரப்பிள்ளைக்குத் தொப்பி பின்னும் பாட்டிக்கு இப்போதைக்கு இருப்பது 93 என்ற எண் மட்டும். அடுத்த ஆய்வுக்காக ரங்கத்துக்கு வரும் கணக்கெடுப்பாளர், அந்த எண்ணை எழுதுமுன் இன்றைக்கு எத்தனை மணி நேரம் பின்னினீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கட்டும்.