மூடிய கதவின் முன்

2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்னும் அமெரிக்க இளைஞர் வடக்கு சென்டினல் தீவில் கொல்லப்பட்டபோது, நான் போர்ட் பிளேரில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருந்தேன். பழங்குடியினரைக் காக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை மீறி, நற்செய்தி சொல்லவென்று அவர் அங்கே சென்றார். படகில் ஏற்றிச் சென்ற மீனவர்கள் கைதானார்கள். "இதுதானா உங்கள் சீடத்துவம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கிறிஸ்தவனாகிய என்னிடம் அன்று விடை இல்லை.

என் ஆய்வுப்பொருள் கார் நிக்கோபார்த் திருச்சபையின் வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அத்தீவுக்குச் சென்ற வேதப்பன் சாலமன் ஒரு தமிழர், உபதேசியார். ஆங்கிலேய அரசின் முகவராகவும் இருந்தவர் என்பதால் அதிகாரத்தின் நிழல் அவர்மேலும் உண்டு. ஆயினும் அவர் அங்கேயே தங்கினார், பள்ளி நடத்தினார். அவருடைய மாணவரான நிக்கோபாரியர் ஜான் ரிச்சர்ட்சன் புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் தந்தார், 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பைத் தம் மக்களோடிருந்து தாங்கினார், 1950இல் ஆயரானார், 1952இல் இத்தீவுகளின் முதல் மக்களவை உறுப்பினரானார்.

அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒற்றர்கள் என்ற ஐயத்தின்பேரில் நிக்கோபாரியர் பலர் வதைக்கப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். போர்ட் பிளேரில் வாழும் நிக்கோபாரிய மூதாட்டி ஒருவர், தம் குடும்பத்தில் அன்று நேர்ந்ததை இந்தியில் எனக்குச் சொன்னார். சொல்லி முடித்தபின் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை எழுதாதே, பேட்டா. காட்டிக்கொடுத்தவரின் பேரப்பிள்ளைகளும் எங்களோடுதான் கோயிலில் அமர்கிறார்கள்" என்றார்.

என் மூன்றாம் இயலின் உயிரே அந்தச் சாட்சியம்தான். பெயரை மறைத்து எழுதிவிடலாம் என்று மனம் வாதிட்டது. ஆனால் அவ்வளவு சிறிய சமூகத்தில் பெயரை மறைப்பதால் எதுவும் மறைந்துவிடாது. ஒலிப்பதிவை அவர் கண்முன்னே அழித்தேன். 'இவ்வியலில் ஏன் இந்த இடைவெளி?' என்று நெறியாளர் கேட்டபோது, தகவலாளரின் விருப்பம் என்று மட்டும் கூறினேன். இயல் மெலிந்தே நின்றது. ஆய்வேட்டிலும் அப்படியே இருக்கிறது.

சாவ் கதவைத் தட்டாமல் நுழைந்தார் என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். நுழைவதற்கான உரிமை தன்னிடமே இருப்பதாக ஆய்வாளனும்தான் எண்ணிக்கொள்கிறான். அவன் கையில் வேதாகமத்துக்குப் பதில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, அவ்வளவே. ஏற்றுக்கொள்ளாத ஊரைவிட்டுப் புறப்படுமாறு இயேசு தம் சீடருக்குச் சொல்லியிருந்தார். போவதற்கு இட்ட கட்டளையை நினைவில் வைத்த நாம், திரும்புவதற்கு இட்ட கட்டளையை மறந்தோம்.

நண்பரின் கேள்விக்கு இன்று என்னிடம் சிறியதொரு விடை உண்டு: அழைத்தால் சென்று தங்குவது, மறுத்தால் வெறுங்கையோடு திரும்புவது. அந்த மூதாட்டி இப்போதும் ஞாயிறுதோறும் ஆலயத்தில் தம் அருகே எனக்கு இடம் ஒதுக்குகிறார்.