பேரத்தில் வென்றேனா?

வெளிநாட்டுப் பயணம் என்றதும் விமானத்தையும் வானுயர்ந்த கட்டடங்களையும் பற்றி நான் எழுதப்போவதாக எண்ணிவிடாதீர்கள். நான் எழுதப்போவது ஒரு முக்காட்டுத் துணியைப் பற்றி. அதை நான் பாதி விலைக்கு வாங்கினேன். வாங்கிய அன்று எனக்கிருந்த பெருமைக்கு அளவே இல்லை. அந்தப் பெருமை எங்கே போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

என் அப்பா சரக்குக் கப்பலில் பொறியாளர். ஆண்டில் பாதி நாள் கடலில்தான் இருப்பார். 2024ஆம் ஆண்டு மே மாதம் அவருடைய கப்பல் பழுது பார்ப்பதற்காகத் துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரை அடுத்த துஸ்லா என்னும் கப்பல் கட்டும் தளத்தில் நின்றது. “கப்பல் புறப்படச் சில வாரம் ஆகும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வா” என்று அம்மாவுக்கு அப்பா தொலைபேசியில் சொன்னார். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்த நேரம். தூத்துக்குடியைத் தாண்டினால் மதுரை, சென்னை என்று மட்டுமே அறிந்திருந்த நானும் என் தம்பியும் அம்மாவுடன் மும்பை வழியாக இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தோம்.

இஸ்தான்புல் ஒரு விந்தையான நகரம். அதன் ஒரு பாதி ஆசியாவிலும் மறு பாதி ஐரோப்பாவிலும் இருக்கிறது. நடுவில் போஸ்பரஸ் நீரிணை. நாங்கள் ஆசியப் பக்கத்தில் காடிக்கொய் என்னும் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். அங்கிருந்து படகில் ஏறினால் இருபது நிமிடத்தில் ஐரோப்பா! கடலுக்கு அடியில் சுரங்கத்தில் செல்லும் தொடர்வண்டியும் உண்டு. அது 2013ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது.

முதலில் நாங்கள் பார்க்கப் போனது பெரிய அங்காடி. அதன் துருக்கிப் பெயர் ‘கபாலி சார்ஷி’. அந்தப் பெயரைக் கேட்டதும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். துருக்கி மொழியில் ‘கபாலி’ என்றால் மூடப்பட்டது என்று பொருளாம். கூரை வேய்ந்த தெருக்கள் என்பதால் அந்தப் பெயர். 1453ஆம் ஆண்டு இந்த நகரைக் கைப்பற்றிய இரண்டாம் மெகமது என்னும் சுல்தான் அடுத்த சில ஆண்டுகளிலேயே இதைக் கட்டத் தொடங்கினாராம். இன்று உள்ளே அறுபதுக்கும் மேற்பட்ட தெருக்கள், ஏறத்தாழ 4,000 கடைகள்! பல தெருக்களுக்கு அந்தக் காலத்தில் அங்கே நடந்த தொழிலின் பெயர். தலைமைத் தெருவின் பெயருக்கு ‘உரோமத் தொப்பி செய்வோர் தெரு’ என்று பொருள். இப்போது அங்கே தொப்பி இல்லை. இரு பக்கமும் தங்க வளையல்கள்தாம் மின்னுகின்றன. தங்கத்துக்கு அன்றைய விலை. பேரமெல்லாம் செய்கூலியில்தான். “நம்ம ஊர் நகைக்கடை மாதிரியே இருக்கு” என்றார் அம்மா.

பேரம் பேசுவதில் என் அம்மாவை வெல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை. அங்கே ஒரு செம்புக் காப்பிக் கிண்ணம் அம்மாவின் கண்ணில் பட்டது. கடைக்காரர் 900 லிரா என்றார். அம்மா 300 என்றார். “இந்தியாவா? ஷாருக் கான்!” என்று அவர் மார்பில் கை வைத்துச் சிரித்தார். சின்னஞ்சிறு கண்ணாடிக் குவளைகளில் எல்லாருக்கும் தேநீர் வந்தது. அவர் 800 என்றார், அம்மா 350 என்றார். அவர் தம் பிள்ளைகளின் படத்தைக் காட்டினார். அம்மா எங்களைக் காட்டினார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? கடைசியில் 500க்கு முடிந்தது. கடைக்காரர் கையைக் குலுக்கி, தம்பிக்கு ஒரு துண்டு இனிப்பும் கொடுத்து அனுப்பினார்.

திரும்பும்போது படகில் அம்மா எனக்குப் பாடம் நடத்தினார். “பிடிச்சிருக்குன்னு முகத்துல காட்டாதே. அவங்க சொன்னதுல பாதிக்கும் கீழே தொடங்கு. படியலேன்னா திரும்பிப் பார்க்காம நட. கூப்பிடுவாங்க. ஆனா நீ கேட்ட விலைக்கு அவங்க சரின்னு சொல்லிட்டா, வாங்காம வரக்கூடாது. அது மரியாதை இல்லை.” நான் கணக்குப் பாடத்தைக்கூட அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரிய அங்காடிக்கு விடுமுறை. அன்று நாங்கள் பாதுவா புனித அந்தோனியார் ஆலயத்துக்குத் திருப்பலிக்குச் சென்றோம். 1912இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புச் செங்கல் ஆலயம். பின்னாளில் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் ஆனவர், 1935 முதல் 1944 வரை திருத்தந்தையின் தூதராகத் துருக்கியில் இருந்தபோது இங்கே மறையுரை ஆற்றியிருக்கிறார். முற்றத்தில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. அவ்வளவு தொலைவில் நம் கோடி அற்புதரைக் கண்டதும் எனக்கு ஆச்சியின் நினைவு வந்துவிட்டது. அப்பாவைப் பெற்ற ஆச்சி முக்காடு இல்லாமல் கோயில் படியேற மாட்டார்கள். ஆச்சிக்கு ஓர் அழகான முக்காடு வாங்கிச் செல்ல வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். ஊரிலிருந்து கிளம்பும்போது ஆச்சி கொடுத்த பணமும் என் உண்டியல் பணமும் சேர்ந்து என்னிடம் 700 லிரா இருந்தது. ஒரு லிரா அப்போது நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு ரூபாய் அறுபது காசு.

காடிக்கொய்யில் செவ்வாய்ச் சந்தை பெயர் பெற்றது. காலை எட்டரை மணிக்கே நாங்கள் போய்விட்டோம். அம்மா செர்ரிப் பழக் கடையில் நின்றார். நான் சந்தையின் ஓரத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெரியம்மா சிறிய மேசையில் துணி விரித்துச் சில முக்காடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி சரிந்து மூக்கின் நுனியில் நின்றது. மெல்லிய பருத்தித் துணி. அதன் நான்கு ஓரத்திலும் ஊசியும் நூலும் கொண்டு முடிச்சு முடிச்சாகப் போட்ட குட்டிக் குட்டிப் பூக்கள். இந்த வேலைக்குத் துருக்கியில் ‘ஓயா’ என்று பெயர். அந்தக் காலத்துப் பெண்கள் வாயால் சொல்ல முடியாததை இந்தப் பூக்களால் சொல்வார்களாம். புது மணப்பெண் மிளகாய் வடிவ ஓயா வைத்த முக்காட்டை அணிந்தால் கணவனோடு சண்டை என்று பொருளாம்!

நான் வெள்ளைத் துணியில் நீலப் பூக்கள் வைத்த ஒன்றை எடுத்தேன். முகத்தில் எதையும் காட்டவில்லை. பெரியம்மா தொலைபேசியில் 600 என்று தட்டிக் காட்டினார். நான் 250 என்று தட்டினேன். அவர் தலையை அசைத்தார். பூக்களைத் தொட்டுக் காட்டினார். பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விடியற்காலையில் எழுந்து வந்தது தூக்கமாக இருக்கிறது போலும் என்று எண்ணிச் சிரித்தேன். துணியை வைத்துவிட்டு நடந்தேன். அம்மா சொன்னபடி திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தடி போவதற்குள் அழைத்தார். 400 என்றார். நான் 300 என்றேன். ஒரு கணம் என் முகத்தையே பார்த்தார். பிறகு துணியை மடித்துக் கையில் கொடுத்தார். நான் கொடுத்த நோட்டுகளைத் தம் மோவாயில் தடவி, “சிஃப்தா” என்று சொல்லி மேலே பார்த்துச் சிரித்தார். கண்ணேறு படாமல் இருக்க அவர்கள் அணியும் நீலக் கண்ணாடி மணி ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தார். நான் துள்ளிக்கொண்டு ஓடினேன்.

மாலையில் அப்பாவிடம் ‘சிஃப்தா’ என்றால் என்ன என்று கேட்டேன். “நம்ம ஊர்ல போணின்னு சொல்லுவோமே, அதுதான். அன்னைக்கு முதல் வியாபாரம். நோட்டைத் தாடியில தடவுவாங்க, சிலர் தரையில போட்டு எடுப்பாங்க. ‘சிஃப்தா உன்னிடமிருந்து, வளம் இறைவனிடமிருந்து’ன்னு சொல்லுவாங்க” என்றார். எத்தனை கடல் தாண்டி வந்தாலும் போணி போணிதான்! என் கை இராசியான கை என்று மகிழ்ந்தேன். மிச்சம் பிடித்த 300 லிராவில் நானும் தம்பியும் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அங்கே விலைப் பலகையில் போட்டிருந்ததைப் பேசாமல் கொடுத்தேன். அது எனக்கு அப்போது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

ஊருக்கு வந்ததும் ஆச்சியின் மடியில் முக்காட்டை வைத்தேன். ஆச்சி அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு பூவாக விரலால் தடவினார்கள்.

“ஏட்டி, அவ என்ன சொன்னா, நீ என்ன குடுத்த?”

நான் முழுக் கதையையும் நடித்தே காட்டினேன். பத்து விரலை விரித்ததையும், தூங்குவது போலத் தலையைச் சாய்த்ததையும், போணியையும் சொன்னேன். ஆச்சி சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“பத்து ராத்திரி” என்றார்கள்.

“என்ன ஆச்சி?”

“இதைப் போட பத்து ராத்திரி ஆச்சுன்னு உன்கிட்ட சொல்லியிருக்கா. உனக்கு விளங்கல.”

எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது போல் ஆயிற்று. தோழியரே, என் ஆச்சி நாற்பது ஆண்டுகள் கருவாட்டுக் கூடை சுமந்தவர்கள். அந்தக் கூடையில்தான் என் அப்பா படித்துப் பொறியாளர் ஆனார். ஆச்சி தொடர்ந்தார்கள்:

“போணி ஆகாம முதல் ஆளைத் திருப்பி அனுப்ப எந்தக் கூடைக்காரிக்கும் மனசு வராது. அது தெரிஞ்சே சில பேரு விடியுமுன்னே வந்து நிப்பாங்க. வாங்கின காசுக்கும் கீழே கேப்பாங்க. குடுத்துருவோம். சிரிச்சுக்கிட்டேதான் குடுப்போம், அழுதுகிட்டுப் போணி பண்ணக்கூடாதுல்லா? பேரம் பேசுறது தப்பில்லட்டி. நானும் பேசியிருக்கேன். அந்தக் கிண்ணக் கடைக்காரன் ஏத்திச் சொன்னான், உங்கம்மா இறக்கிக் கேட்டா, ரெண்டு பேருக்கும் சந்தோசம். அவன் நட்டத்துக்கு விக்கமாட்டான். இவ அப்படியா?”

துருக்கியில் அந்த மே மாதம் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 75 விழுக்காடு ஏறியிருந்தது என்று அப்பா பிறகு சொன்னார். நான் கொடுத்த 300 லிராவுக்கு அந்தப் பெரியம்மா என்ன வாங்கியிருக்க முடியும்? நான் இரண்டு ஐஸ்கிரீம் வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு, குறைத்துக் கொடுத்த 300 லிராவுக்குக் கணக்குப் போட்டு 780 ரூபாயை அந்தோனியார் உண்டியலில் போட்டேன். மனம் இலேசாகும் என்று நினைத்தேன். ஆச்சியிடம் சொன்னபோது, “போட்டது நல்லது. ஆனா கடன் அந்தோனியாருக்கு இல்லையே, அவளுக்குல்லா!” என்றார்கள். அது உண்மை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இனி எந்தச் செவ்வாய்க்கிழமை நான் அங்கே போகப்போகிறேன்?

ஆச்சி அந்த முக்காட்டை ஒதுக்கிவிடுவார்கள் என்று அஞ்சினேன். இல்லை. ஆகஸ்டு 5ஆம் நாள் பனிமய மாதா திருவிழாவுக்கு அதையே போட்டுக்கொண்டு வந்தார்கள். “அவ கைவேலைக்கு மரியாதை செய்யணும்ல. அவளுக்காகவும் ஒரு செபமாலை சொல்லியிருக்கேன்” என்றார்கள்.

நம் பள்ளி வாயிலில் நெல்லிக்காய் விற்கும் பாட்டியிடம் காலையில் நாம் எப்படிப் பேசுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். “ஒண்ணு கூடப் போடுங்க பாட்டி” என்று கையை நீட்டிக்கொண்டே நிற்பதில் நானும்தான் முன்னே நின்றிருக்கிறேன். இப்போது நான் போணிக்குப் போனால் கேட்ட விலையைக் கொடுத்துவிடுகிறேன். பேரம் பேசுவதை நான் விட்டுவிடவில்லை. பெரிய கடையில் அம்மாவோடு சேர்ந்து இன்றும் பேசுகிறேன். ஆனால் கையால் செய்த பொருளைக் கண்டால், விலை என்ன என்று கேட்பதற்கு முன்னால், இதற்கு எத்தனை இரவு ஆகியிருக்கும் என்று மனத்துக்குள் ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நீல மணி என் கணக்குப் பெட்டியில் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி