செயல்வழி ஆங்கிலம்

பல்லாண்டுகள் ஆங்கிலம் பயின்றும், ஆங்கிலேயர் ஒருவரைக் கண்டால் வாயடைத்து நிற்போர் ஜப்பானில் பலர் இருந்தனர். பாடநூலைத் தாய்மொழியில் பெயர்ப்பதும் இலக்கணத்தை உருப்போடுவதுமே அங்குக் கல்வியாக இருந்தன. அந்நாட்டுக் கல்வி அமைச்சின் மொழி ஆலோசகராக, ஹாரல்டு பாமர் என்னும் ஆங்கில அறிஞர் 1922ஆம் ஆண்டில் டோக்கியோ சென்றார்.

குழந்தை மொழியைக் கற்பது எவ்வாறு? 'பந்தை எடு' என்கிறாள் தாய், அது எடுக்கிறது. பேச்சு பின்னரே வருகிறது. பாமர் இவ்வழியை வகுப்பறைக்குக் கொணர்ந்தார். 'எழுந்து நில்', 'கதவைத் திற' என ஆசிரியர் ஆங்கிலத்தில் ஏவுவார். மாணவன் செய்து காட்டுவான். 'என்ன செய்தாய்?' என்று உடனே வினவுவார். கதவின்மேல் வைத்த கையை எடுக்குமுன்பே, 'திறந்தேன்' என்னும் இறந்தகாலம் அவன் நாவில் வந்து நிற்கும். வாய்பாடாக ஒப்பித்த வினைமுற்றுக்கு இவ்வுயிர் ஏது? ஒருவன் கதவை விட்டுச் சாளரத்தைத் திறந்தால் வகுப்பே நகைக்கும். அந்நகைப்பிலேயே இரு சொற்களின் வேறுபாடும் மனத்தில் பதிந்துவிடும்.

தம் மகளுடன் சேர்ந்து இப்பயிற்சிகளை அவர் 1925இல் நூலாக்கினார். ஆயினும், ஏவுவதற்கு ஆசிரியர்க்கே தடையற்ற ஆங்கிலப் பேச்சு வேண்டுமன்றோ! நுழைவுத் தேர்வுகளோ மொழிபெயர்ப்பையே கேட்டுவந்தன. பாமர் 1936இல் தாயகம் திரும்பினார். அவர் 1923இல் தொடங்கிய ஆய்வு நிலையம் டோக்கியோவில் இன்றும் இயங்கி வருகிறது.