ஒரு மணிப் பசி

வேட்டையிலிருந்து களைத்து வந்த ஏசா உண்மையிலேயே சாகிற நிலையில் இருந்தானா? ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழும். ஆபிரகாமின் ஆஸ்தி முழுவதும் ஈசாக்குக்குத்தான் வந்தது. அந்தக் கூடாரத்தில் மாவுக்கும் பாலுக்கும் பஞ்சமிருக்காது. கொஞ்சம் பொறுத்திருந்தால் ஏசாவுக்கும் சாப்பாடு கிடைத்திருக்கும். ஆனால் தம்பி யாக்கோபின் சட்டியில் கொதித்த பயற்றங்கூழின் வாசனை மூக்கில் ஏறியதும், மூத்த மகனுக்குரிய சேஷ்டபுத்திரபாகம் சாகப்போகிறவனுக்கு எதற்கு என்று கேட்டு, அதைத் தம்பிக்கு விற்றுவிட்டான். சரீர ஆசை இப்படித்தான் பேசும். இந்த நிமிஷம் கிடைக்காவிட்டால் செத்தே போவோம் என்று நம்மை நம்பவைத்துவிடும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை லெந்து நாட்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை 46 நாட்கள். ஞாயிறுகள் உயிர்த்தெழுதலின் நாட்கள் என்பதால் அவற்றைக் கழித்து 40 என்று கணக்கு. அந்த நாட்களில் வீட்டில் கறி மீன் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் வரை உபவாசம்.

சாப்பாட்டில் ஆசை மிகுந்தவன் நான். அலுவலகத்தில் மதியம் ஒரு மணிக்குப் பக்கத்து மேஜையில் டிபன் பாக்ஸ் திறக்கும். நெத்திலி வறுவல், மேலே பொரிந்த கறிவேப்பிலை. நாக்கடியில் எச்சில் ஊறும், விரல்கள் லேசாக நடுங்கும், மயங்கி விழுந்துவிடுவோம் என்றே தோன்றும். இரண்டு மணிக்குப் பார்த்தால் அந்தப் பசி இருந்த இடம் தெரியாது. வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறும், சாப்பிடாவிட்டாலும் தானாக இறங்கிவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். (சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. என் மனைவி அதனால் சாயங்கால சீரியலை விடுகிறாள். அதுவும் உபவாசம்தான்.)

சாப்பாட்டு நேரத்தில் நான் பைபிளோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவேன். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை ஆதியாகமம் 33 வரை வாசித்துக்கொண்டு போனேன். அப்பாவின் ஊர் நிலத்தைப் பங்கு வைப்பதில் அண்ணனோடு பேச்சு நின்றுபோயிருந்த சமயம் அது. மொத்தம் பன்னிரண்டு சென்ட். ரோட்டை ஒட்டிய பாதி யாருக்கு என்பதுதான் தகராறு. ராத்திரி தூக்கம் வராமல், அதில் கடை கட்டினால் வாடகை எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். பரமண்டல ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வந்தால் வாய் மட்டும் அசையும்.

33ஆம் அதிகாரத்தில் இருபது வருஷம் கழித்து அண்ணனும் தம்பியும் சந்திக்கிறார்கள். யாக்கோபு நடுங்கிக்கொண்டு வருகிறான். ஏசா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுகிறான். தம்பி காணிக்கையாக முன்னே அனுப்பிய மந்தைகளைக் காட்டினால், எனக்கு வேண்டியது இருக்கிறது என்று மறுக்கிறான். ஒருவேளைச் சாப்பாட்டுக்காகப் பாகத்தையே விற்ற அதே ஏசா! இடையில் அவனுக்குள் என்ன நடந்தது என்று வேதம் சொல்லவில்லை. வெறும் வயிற்றோடு படியில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது, பாவமன்னிப்பு, பரலோக சுதந்தரம் என்று பவுல் எபேசியருக்கு எழுதும்போது முதல் அதிகாரத்திலேயே அடுக்குகிறாரே, அவ்வளவும் ஞானஸ்நானத்திலிருந்தே எனக்கும் உண்டு. அதையெல்லாம் வைத்துக்கொண்டு, ரோட்டோரத்து ஆறு சென்ட் இல்லாவிட்டால் வாழ்க்கையே போய்விடும் என்று நான் கிடந்தேன். ஒரு மணிப் பசிக்கும் இதற்கும் குரல் ஒன்றுதான்.

சாயங்காலம் உபவாசம் முடிக்கும் முன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ரோட்டுப் பக்கத்தை நீங்களே வச்சுக்கிடுங்க. கிணத்துப் பக்கம் எனக்குப் போதும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏலே, யோசிச்சுத்தான் பேசுதியா?" என்றார்.

"ஆமாண்ணே, ஜெபம் பண்ணிட்டுத்தான் பேசுதேன்."

இப்போது அந்த ரோட்டில் வரிசையாகக் கடைகள். நிலத்தின் விலை நான் அன்று போட்ட கணக்கையெல்லாம் தாண்டிவிட்டது. அந்தப் பக்கம் போகும்போது ஆசை எழுவதே இல்லை என்று சொன்னால் பொய். எழுகிறது, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிறது. ஆனால் பரமண்டல ஜெபத்தில் அந்த வரி வரும்போது வாயோடு மனசும் சேர்ந்துகொள்கிறது. எத்தனை கடை வாடகை கிடைத்தாலும் அதை நான் கொடுக்க மாட்டேன்.