அப்பாவின் ஆறு நெட்டிலிங்கம்

ரிட்டயர் ஆன கையோடு அப்பா செய்த முதல் செலவு, காம்பவுண்டு ஓரம் வரிசையாக ஆறு நெட்டிலிங்கம். எங்கள் தெருவில் அதைத்தான் அசோகா என்பார்கள். நிஜ அசோகா வேறு மரம். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்க வேண்டியவை, இரண்டே மாதத்தில் மூன்று பழுப்பேறிவிட்டன.

"பிடுங்கிட்டுப் புதுசு வெச்சிடலாம் சார்" என்றார் நட்டுக்கொடுத்தவர், போனிலேயே. அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை.

மூன்றாவது வீட்டுத் தாத்தா நர்சரியில் வேலை பார்த்தவர். வந்ததும் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினார். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறதாம். இரண்டில் தெரிந்தது. ஒன்று காய்ந்தே போயிருந்தது. அதைத் தோண்டினால், வேரைச் சுற்றி நர்சரி பிளாஸ்டிக் பை அப்படியே! பைக்குள்ளேயே வேர் வட்டமடித்துக் கிடந்தது. கோபத்தில் எனக்கு வார்த்தையே வரவில்லை.

மற்ற ஐந்தையும் மண்கட்டி உடையாமல் எடுத்து, பையைக் கிழித்து, அடித்தண்டு மண்ணில் புதையாதபடி திரும்ப நட்டோம். "இப்ப உரம் போடாதீங்க, கிளையும் வெட்டாதீங்க. தண்ணிய மட்டும் மெதுவா விடுங்க" என்றார் தாத்தா.

ஆறாவது வாரம், ஆபீஸில் இருந்தபோது அப்பாவின் வாட்ஸ்அப். செம்பு நிறத்தில் ஒரு தளிர். கீழே, "இன்னொண்ணு அப்படியேதான் இருக்கும்மா. தினமும் சுரண்டிப் பார்க்கிறேன்."

தினமும் சுரண்ட வேண்டாம் என்று உடனே போன் செய்தேன்.