பனிக்கண்டத்தைக் கடந்த சங்கிலிப்பட்டை வண்டிகள்

நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள கிறைஸ்ட்சர்ச் நகரம், அண்டார்க்டிகாவின் ராஸ் கடற்பகுதிக்குச் செல்லும் பயணக் குழுக்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாயிலாக இருந்து வருவதால், துருவப் பயண வரலாற்றைத் தேடி வருவோர் பனிக்கண்டத்தில் கால்வைக்காமலேயே அதன் தடயங்கள் பலவற்றை அங்குக் காண இயலும். தாவரவியல் பூங்காவை ஒட்டிய கேன்டர்பரி அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலுள்ள 'ஏபிள்' என்னும் ஆரஞ்சு நிறப் பனிவண்டி அவற்றுள் தலையாயது. விவியன் ஃபுக்ஸ் தலைமையில் 1957-58இல் அண்டார்க்டிகாவை முதன்முதலாகத் தரைவழியே குறுக்காகக் கடந்த காமன்வெல்த் குழுவின் நான்கு ஸ்னோகேட் வண்டிகளுள் அது ஒன்று.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டக்கர் நிறுவனம் உருவாக்கிய இவ்வண்டியின் நுட்பத்தை அறிய விரும்புவோர் அதன் அடிப்பகுதியையே முதலில் நோக்க வேண்டும். சக்கரம் இருக்கவேண்டிய நான்கு இடங்களிலும் பான்டூன் எனப்படும் தோணி வடிவச் சட்டங்கள் பொருத்தப்பட்டிருக்க, ஏணிப்படிகளைப் போல் எஃகுக் குறுக்குத்தகடுகள் கோத்த சங்கிலிப்பட்டை ஒவ்வொன்றையும் சுற்றி ஓடுகிறது. நான்கு பட்டைகளும் தனித்தனியே ஏறி இறங்குவதால், காற்று செதுக்கிய இறுகிய பனிவரப்புகளாகிய சாஸ்ட்ருகிகளின் மீதும் அவை தரையை விட்டு விலகுவதில்லை. வண்டியின் எடை அகன்ற பரப்பில் பரவுவதால், சக்கரம் புதைந்துபோகும் இளம்பனியும் அதனைத் தாங்குகிறது.

இக்கோட்பாடு ஸ்னோகேட்டுக்கும் முந்தையது. ராபர்ட் ஸ்காட் 1911இல் கொண்டுசென்ற மூன்று மோட்டார் சறுக்குவண்டிகளும் சங்கிலிப்பட்டையில் இயங்கியவையே. அவற்றுள் ஒன்று கப்பலிலிருந்து இறக்கப்பட்டபோது கடற்பனி உடைந்து மூழ்க, ஏனைய இரண்டும் பட்டையின் குறையால் அன்றி, காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின்கள் மிகுந்து சூடேறிப் பழுதடைந்ததால் வழியிலேயே கைவிடப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஸ்டூட்பேக்கர் நிறுவனம் பனிநிலப் போர்களுக்கென உருவாக்கிய வீசல் வண்டியும், கனடாவின் பம்பார்டியர் நிறுவனத்தின் மஸ்கெக் இழுவையும் ஃபுக்ஸின் அணியில் இடம்பெற்றபோது எஞ்சின் பெரிதும் தேறியிருந்தது. எனவே இடர் தரைக்கு மாறியது.

பனிப்பிளவு என்பது பனியாற்றில் விழும் ஆழ்ந்த வெடிப்பாகும். அதன் வாயை மெல்லிய பனிக்கூரை மூடியிருப்பதால் அது ஓட்டுநரின் கண்ணுக்குத் தென்படாது. 'ராக் அண்ட் ரோல்' என்ற ஸ்னோகேட் அத்தகைய கூரை இடிந்ததால் பிளவின் மேல் அந்தரத்தில் தொங்கியது. ஏனைய வண்டிகளைக் கம்பிவடத்தால் பிணைத்தே அதனை மீட்க முடிந்தது. இத்தகைய இடங்களில் ஆட்கள் வண்டிக்கு முன்னே நடந்து, கழியால் பனியைக் குத்திப் பார்த்தே வழி கண்டனர். ஷேக்கிள்டன் தளத்திலிருந்து 1957 நவம்பர் 24 அன்று புறப்பட்ட குழு, வீசல்களையும் மஸ்கெக்கையும் வழியில் கைவிட்டு, ஏறத்தாழ 3,470 கி.மீ. தொலைவை 99 நாட்களில் கடந்து, நான்கு ஸ்னோகேட்களுடன் 1958 மார்ச் 2 அன்று ஸ்காட் தளத்தை அடைந்தது.

எதிர்த்திசையிலிருந்து எரிபொருள் கிடங்குகளை அமைத்தபடி வந்த எட்மண்ட் ஹிலாரி, வயலில் உழும் ஃபெர்குசன் டிராக்டர்களுக்குச் சங்கிலிப்பட்டை மாட்டி, 1958 ஜனவரி 4 அன்று, ஃபுக்ஸுக்கு 15 நாள் முன்னதாகவே தென்துருவத்தை எட்டினார். பனிக்கென வடிவமைத்த வண்டியும் பண்ணைக்கென வடிவமைத்த டிராக்டரும் ஒரே இலக்கை அடைந்தன என்பதிலிருந்து, எடையைப் பரப்பும் பட்டையும், பழுதை வழியிலேயே நீக்கவல்ல எளிய பொறியும், முன்னே சென்று தரையை அறியும் மனிதரும் ஒருங்கே அமைவதே பனிவழிப் பயணத்தின் அடிப்படை என்பது புலனாகும். மக்மர்டோ தளத்திலிருந்து தென்துருவ நிலையத்திற்கு எரிபொருள் இழுத்துச் செல்லும் இக்காலத்து டிராக்டர்களில் எஃகுப் பட்டை ரப்பராகவும், குத்துக்கழி தரை ஊடுருவும் ரேடாராகவும் மாறியுள்ள போதிலும், அவ்வடிப்படை மாறவில்லை.